காளையைப் பற்றிச் சொல்லும்போது மடியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலப்பினக் கறவை மாடு வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். தீவனம், கொட்டகை, அசோலா, காப்பீடு, வங்கிக் கடன் எல்லாம் இருந்தது. எத்தனை லிட்டர் கறந்தால் கையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பால் எதிலிருந்து வருகிறதோ அந்த மடியைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: கறப்பதற்கு முன் சுத்தமாகக் கழுவ வேண்டும். படித்து முடித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாட்டுக்காரன் இல்லை, கறவைக்காரன். காங்கேயம் வட்டாரத்தில் ஒரு சின்ன ஊர். விடிய நாலு மணிக்குக் கிளம்பினால், சொசைட்டியில் பால் ஊற்றும் நேரத்துக்குள் வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுத்துவிடுவேன். மத்தியானத்துக்கு மேல் மறுபடி ஒரு சுற்று. மாட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சம்பளம். என் அப்பாவுக்கும் இதுதான் தொழில். அவர் காலத்தில் எருமையும் காங்கேயம் மாடும்தான் அதிகம். இப்போது என் கைக்கு வருவதெல்லாம் ஜெர்சிக் கலப்பு, அங்கங்கே எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடுகள் ஏறத்தாழ 95 லட்சம், அதில் பெரும்பகுதி கலப்பினம். எங்கள் தெருவில் நின்று எண்ணினாலே அது விளங்கிவிடும்.

மாட்டுக்காரர் பார்ப்பது கேனில் ஏறும் அளவை. சொசைட்டியில் பார்ப்பது கொழுப்பையும் எஸ்.என்.எஃப். என்கிற, கொழுப்பு போக மீதி திடச்சத்தையும். நான் பார்ப்பது மடியை. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை மடியை இந்தக் கைகள் தொட்டிருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பால் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மடி கெட்டுக்கொண்டே வருகிறது.

கெட்டது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். கறக்கிற விதத்தைச் சொன்னால்தான் புரியும்.

முழுக்கையால் கறப்பதுதான் சரியான முறை. காம்பு மடியோடு சேரும் இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வளையம் போட வேண்டும். காம்புக்குள் இறங்கிய பால் மேலே ஏறாதபடி பூட்டியாயிற்று. அப்புறம் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று வரிசையாக மூட வேண்டும். இழுக்கவே கூடாது. இப்படிக் கறந்தால் மாட்டுக்கு வலியே தெரியாது, அசை போட்டுக்கொண்டு நிற்கும். ஆனால் இதற்குக் காம்பு உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும். இப்போது தலை ஈத்துக் கிடாரிகள், அதாவது முதல் கன்று ஈன்ற இளம் மாடுகள், பலவற்றுக்குக் காம்பு என் இரண்டு விரல் அகலம்தான். அதை முழுக்கையால் பிடிக்க முடியாது. கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியை வைத்து நெருக்கி இழுத்துத்தான் பலரும் கறக்கிறார்கள். அப்படிக் கறக்கவே கூடாது, காம்புக்குள் இருக்கும் மெல்லிய தோல் நசுங்கித் தடித்து, போகப் போக அடைத்துக்கொள்ளும் என்று கால்நடை மருத்துவர்கள் தலைப்பாடாகச் சொல்கிறார்கள். நியாயம்தான். இரண்டு விரலுக்கு மட்டும் இடம் இருக்கும் காம்பை வேறு எப்படித்தான் கறப்பது என்று கேட்டால் பதில் வருவதில்லை. விளக்கெண்ணெயைத் தொட்டுக்கொண்டு இரண்டு விரலால் மெல்லப் பீச்ச வேண்டியதுதான். ஒரு மாட்டுக்கு ஆகிற நேரம் இரண்டு மாட்டு நேரம்.

அதற்கு நேர்மாறு புட்டிக்காம்பு. மேலே பருத்து, வளையம் போட்டால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொடாது. கையால் எப்படியோ கறந்துவிடுவேன். கன்றுக்குத்தான் கஷ்டம். பிறந்த கன்றின் வாய்க்குள் அந்தக் காம்பு நுழையாது. நாலு இடத்தில் முட்டிப் பார்த்துவிட்டு, சோர்ந்துபோய் ஓரமாகப் படுத்துக்கொள்ளும். சீம்பாலைப் பீச்சிப் புட்டியில் ஊற்றிப் புகட்ட ஆள் இருந்தால் பிழைக்கும். முதல் சில மணி நேரத்தில் உள்ளே போகிற சீம்பாலுக்குத்தான் முழுப் பலன். ஒரு நாள் தாண்டிவிட்டால் அதிலிருக்கும் எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் எடுத்துக்கொள்ளாது.

எல்லாவற்றையும்விட மோசம் மடி இறக்கம். நல்ல மடியின் அடிப்பக்கம் பின்னங்காலின் நடு மூட்டுக்கு மேலேயே நிற்கும். நாலு ஐந்து ஈத்து போனாலும் கொஞ்சம்தான் இறங்கும். மடியை நடுவில் தாங்குகிற நார் வலுவாக இருந்தால் பின்பக்கம் இருந்து பார்க்கும்போது நடுவே ஒரு பிளவுக்கோடு தெரியும். அந்த நார் தளர்ந்தால் கோடு மறைந்துவிடும், காம்புகள் நாலும் வெளிப்பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடும்.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா வீட்டு மாடு. நாலாம் ஈத்து, காலையில் மட்டும் பத்து லிட்டருக்கு மேல் கொடுக்கும். மடியோ மூட்டுக்குக் கீழே போய்விட்டது. அடியில் வாளியை நிமிர்த்தி வைக்க இடம் இருக்காது, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் கறப்பேன். ஒரு விடிகாலை போனால் கட்டுத்தறியில் ரத்தம் சொட்டியிருந்தது. படுத்திருந்த மாடு எழுந்திருக்கும்போது தன் பின்னங்குளம்பாலேயே தன் காம்பை மிதித்துவிட்டது. இடது பின்காம்பு நெடுக்காகக் கிழிந்து, கிழிசல் வழியாகப் பால் தானாக வடிந்துகொண்டிருந்தது. மருத்துவர் வந்து தையல் போட்டார். தையல் ஆறியது. ஆனால் அதற்குள் கிருமி ஏறி, அந்தப் பக்கத்து மடி கல்லாகிவிட்டது. பால் முதலில் தண்ணியாக வந்தது, அப்புறம் திரி திரியாக, அப்புறம் சீழாக. ஊசி போட்ட நாட்களிலும் அதற்குப் பிந்தைய நாட்களிலும் அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்காவும் ஊற்றவில்லை, மொத்தப் பாலும் தென்னை மரத்தடிக்குப் போனது. கடைசியில் அந்தக் காம்பு வற்றியே போய்விட்டது. மூன்று காம்பு மாடு என்றால் சந்தையில் கேட்கிற விலை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. “பெரிய மடி, பெரிய மடின்னு நானே வாய் ஓயாம சொல்லிட்டிருந்தேன். என் கண்ணுதான் பட்டிருக்கும்” என்றார் அக்கா.

கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை. மடி தொங்கியிருந்தது, குளம்பு எட்டியது.

ஆனால் அந்த அக்கா சொன்ன ‘பெரிய மடி’ மோகம் எல்லாருக்கும் இருக்கிறது. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு வியாழக்கிழமை போய்ப் பாருங்கள். முந்தின நாள் கறக்காமல் பால் கட்ட வைத்து, மடி புடைத்துத் தரையைத் தொடுகிற மாதிரி நிற்கும் மாட்டைச் சுற்றித்தான் கூட்டம். மாடு காலை அகட்டி அகட்டி நடப்பதைப் பார்த்து, பால் கனம் தாங்காமல் நடக்கிறது என்று தரகர் பெருமை பேசுவார். என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கறந்து முடித்த பிறகு மடியைப் பாருங்கள். நல்ல மடி கறந்ததும் காலியான துணிப்பை மாதிரி சுருங்கி மடிந்துவிடும். சதை மடி கறந்தாலும் கறக்காவிட்டாலும் அதே அளவில்தான் நிற்கும். உள்ளே இருப்பது பால் இல்லை, கறி. விற்கிறவர் கறக்க விடமாட்டார் என்பது வேறு விஷயம்.

சரி, மடி ஏன் இப்படிக் கெடுகிறது? நான் படித்தவன் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு மாடுகள், அக்காளும் தங்கையும். ஒரே கட்டுத்தறி, ஒரே சோளத்தட்டு, ஒரே புண்ணாக்கு, கறப்பதும் இதே கை. அக்காளுக்கு மடி மேலே ஏறி, நாலு காம்பும் நேராக, ஒரே நீளம். தங்கைக்கு இரண்டாம் ஈத்திலேயே மடி இறங்கிவிட்டது, முன்காம்பு இரண்டும் குட்டை, பின்காம்பு இரண்டும் தடி. வருடத்துக்கு ஒரு முறையாவது மடிநோய். தாய் ஒன்று, ஆனால் ஊசி வேறு வேறு. சினை ஊசி போட்டது எந்தக் காளையின் குச்சி, அதாவது உறைந்த விந்து அடைத்த சின்னக் குழாய், என்று பெரியவருக்குத் தெரியாது. சீட்டு எங்கேயோ போய்விட்டது. நல்ல மடிக்குக் காரணமான காளை எதுவென்று தெரிந்திருந்தால் ஊரே அதைக் கேட்டு வாங்கியிருக்கும்.

சினை ஊசி போட வருகிறவரிடம் ஒரு நாள் கேட்டேன்.

“இது என்ன காளைங்க?”

“நல்ல காளைங்க. இதோட தாய் ஒரு ஈத்துல நாலாயிரம் லிட்டருக்கு மேல கறந்ததுங்க.”

“காம்பு எப்படி இருக்கும்ங்க?”

“காளைக்கு ஏதுங்க காம்பு?” என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

காளைக்கும் சின்னதாகக் காம்பு உண்டு என்பது இருக்கட்டும். நான் கேட்டது அதன் மகள்களின் காம்பை. அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் தாளில் பால் அளவு இருக்கிறது, மடி இல்லை. மைனஸ் 196 டிகிரி குளிரில் நைட்ரஜன் குடுவைக்குள் கிடக்கும் அந்தக் குச்சி கால் மில்லிதான். அதன் மேல் காளை எண் அச்சடித்திருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விவரம்தான் எங்கள் கட்டுத்தறி வரைக்கும் வருவதில்லை.

எல்லாப் பழியையும் காளை தலையில் போட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரத் தரை, அள்ளாத சாணி, கை கழுவாமல் மாட்டுக்கு மாடு தாவுகிற கறவைக்காரன், இவையெல்லாம் மடிநோய்க்கு வழிவிடுகின்றன. கறந்து முடித்த பிறகு காம்பின் துளை மூடுவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்க, கறந்த உடனே தீவனம் வைத்துவிட வேண்டும். நான் கறக்கும் வீடுகளில் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்ப்பேன், திரி இருந்தால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அந்த மாட்டை அன்றைக்குக் கடைசியாகத்தான் கறப்பேன். ஆரம்ப நிலையில் இருந்தால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பலமுறை பூசச் சொல்கிறார்கள் கால்நடைப் பல்கலைக்கழகத்தார். பூசியதில் வீக்கம் வடிந்த மாடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கற்றாழையைப் பூசி இறங்கின மடியை ஏற்ற முடியாது.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருவர் இதை எனக்கு விளக்கினார். மடிநோய் என்ற நோய் வம்ச வழியில் இறங்குவது மிகவும் குறைவு. அதில் பெரும்பங்கு தரைக்கும் கைக்கும் கிருமிக்கும்தான். ஆனால் மடி எவ்வளவு ஆழம் தொங்கும், காம்பு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் பார்க்கும் என்பதெல்லாம் கணிசமாகவே வம்சத்தில் வருகிறது. தொங்குகிற மடியில் நோயும் அதிகம். இன்னொன்றும் சொன்னார்: பாலை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், தலைமுறைக்குத் தலைமுறை மடி கீழே இறங்கும். பாலுக்கும் மடி ஆழத்துக்கும் அப்படி ஓர் இழுபறி உறவு. மடியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதைத் தடுக்கலாம். இந்தக் காரியத்தை நார்வேக்காரர்கள் 1970களிலேயே ஆரம்பித்துவிட்டார்களாம், எந்தக் காளையின் மகள்களுக்கு மடிநோய் அதிகம் என்ற கணக்கையே காளைத் தேர்வில் சேர்த்துவிட்டார்கள்.

அவர் சொன்னதிலேயே என்னை அசத்தியது வேறொன்று. அமெரிக்காவில் கறிக்காக வளர்க்கிற மாடுகள் இருக்கின்றனவே, ஹெர்ஃபோர்டு என்று ஓர் இனம், செவலை உடம்பு, வெள்ளை முகம். அதை யாரும் கறப்பதே இல்லை. கன்று குடிப்பதோடு சரி. அந்த மாட்டுக்கு மடி மதிப்பெண் போடுகிறார்கள்! கன்று ஈன்ற ஒரு நாளுக்குள் பார்த்து, மடி எவ்வளவு இறுக்கமாக மேலே நிற்கிறது என்பதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது, காம்பு அளவுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது. ஒன்பதுதான் நல்லது. இனச் சங்கம் அந்த மதிப்பெண்களைச் சேர்த்து ஒவ்வொரு காளைக்கும் ‘இதன் மகள்களுக்கு மடி இப்படி அமையும்’ என்று கணித்து வெளியிடுகிறது. காளை வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார். கைப்பேசியில் அந்த மதிப்பெண் படங்களை எனக்குக் காட்டினார். ஒன்று என்று போட்டிருந்த படம் அப்படியே அந்த அக்கா வீட்டு மாடு.

கறக்காத மாட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். ஆயிரக்கணக்கான ஏக்கரில் மேய்கிற மாடு, எந்த மூலையில் ஈனுகிறது என்று பார்க்க ஆள் கிடையாது, காம்பு கன்றின் வாய்க்குள் நுழையவில்லை என்றால் கன்று செத்துவிடும், வருடத்துக்கு விற்கக் கிடைப்பது அந்த ஒரு கன்றுதான் என்றார். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பிராமன் மாடுகளும் அதன் கலப்பினங்களும்தான் அதிகம். வெயிலைத் தாங்கும், உண்ணி அதிகம் பிடிக்காது. அங்கே புட்டிக்காம்பால் கன்று சாவது தெரிந்த பிரச்சினை. அந்த பிராமன் யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம ஓங்கோலும் கிர்ரும் காங்கிரேஜும் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய் அங்கே கலந்து உருவான இனம். நம்ம வீட்டுப் பெண்ணின் குறையை மாமியார் வீட்டில் கணக்கெடுத்துத் திருத்துகிறார்கள், பிறந்த வீட்டில் ஒருவருக்கும் அக்கறை இல்லை.

கிர் என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போது ஏ2 என்ற புரத வகை உள்ள பால் என்று சொல்லி கிர் மாட்டை ஆசையாக வாங்கி வருகிறார்கள், ஜெர்சிக் கலப்புக்கு கிர் ஊசியும் போடுகிறார்கள். அழகான மாடுதான், சாது. ஆனால் கிர்ரில் தொங்கு மடியும் தடிக்காம்பும் சாதாரணம். பிரேசில்காரர்கள் அதே கிர்ரைப் பல காலமாகத் தேர்ந்தெடுத்துப் பாலுக்கு ஆக்கியிருக்கிறார்கள். நாம் காதையும் நெற்றியையும் பார்த்து வாங்குகிறோம். எங்கள் காங்கேயத்தின் மடி சின்னது, கறப்பதும் கொஞ்சம்தான், ஆனால் கறக்கிற காலம் முழுக்க மடிநோய் என்று நான் பெரிதாகக் கண்டதில்லை. அதற்காக எல்லாரும் காங்கேயத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று லிட்டரை வைத்துக்கொண்டு யாரும் கடன் கட்ட முடியாது.

நான் கேட்பது புதுத் திட்டம் இல்லை. வேலை பாதிக்கு மேல் ஏற்கெனவே நடக்கிறது. மாட்டுக் காதில் 12 இலக்க எண் போட்ட மஞ்சள் வில்லை இருக்கிறது. சினை ஊசி போட்டால் எந்த மாட்டுக்கு எந்தக் காளை என்று செயலியில் ஏற்றுகிறார்கள். ஊட்டியில் ஆவினுக்கு ஜெர்சிக் காளைப் பண்ணை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜெர்சிக் கலப்பினக் காளைகளுக்குச் சந்ததிச் சோதனையும் நடந்திருக்கிறது. அதாவது ஒரு காளையின் மகள்கள் ஊர் ஊராக எப்படிக் கறக்கின்றன என்று அளந்து அந்தக் காளையை எடை போடுவது. அந்தச் சோதனையில் பாலோடு உடலமைப்பையும் மடி, காம்பு அளவுகளையும் எடுப்பது முறை. ஆக, எங்கேயோ ஒரு கணினியில் விவரம் இருக்கிறது. சினை ஊசி போட்டதும் காளை எண்ணோடு இரண்டு சொல் சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்: மகள்களின் மடி மேலா, நடுவா, இறக்கமா, காம்பு குட்டையா, அளவா, நீளமா. அது தெரிந்தால் மடி இறங்கின மாட்டுக்கு மடி ஏற்றும் காளையைக் கேட்கலாம், குட்டைக்காம்பு மாட்டுக்கு நீளக்காம்புக் காளையைக் கேட்கலாம். இப்போது ஒரே குடுவையில் என்ன வருகிறதோ அதுதான் எல்லா மாட்டுக்கும்.

பெண் கன்றே பிறக்கும் ஊசி வந்த பிறகு இது இன்னும் அவசரம். முன்பு பிறந்ததில் பாதி காளைக்கன்று, அது சந்தைக்குப் போய்விடும். இந்த ஊசியில் பத்துக்கு ஒன்பது கிடாரி என்கிறார்கள். காளை கொடுக்கிற மடி நல்லதோ கெட்டதோ, ஒன்று விடாமல் கட்டுத்தறியில் வந்து நிற்கப்போகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்குப் பிறகு எங்கள் ஊரில் இந்த வேலைக்கு ஆள் இல்லை. என் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான், நாலு மணிக்கு எழுந்து சாணியில் குந்த அவனுக்கு என்ன தலையெழுத்து. பால் கறக்கும் மெஷின் வாங்கச் சொல்லி எல்லாரும் யோசனை சொல்கிறார்கள். ஒரு வீட்டில் வாங்கினார்கள். மெஷினுக்கு நாலு காம்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி, நேராகக் கீழே பார்த்து இருக்க வேண்டும். குட்டைக்காம்பில் கப் நிற்காமல் நழுவி விழுகிறது, தடிக்காம்பில் ஏறவே மாட்டேன் என்கிறது. தரையைத் தொடும் மடியில் குழாயை மாட்டக் குனிவதற்கே இடம் இல்லை. கடைசியில் மூன்று மாட்டுக்கு மெஷின், இரண்டு மாட்டுக்கு நான்.

மாட்டுக்காரர்களும் ஒன்று செய்யலாம். கிடாரியைக் கன்றாக இருக்கும்போதே வயிற்றடியைப் பாருங்கள். நாலுக்கு மேல் உபரிக் காம்பு இருந்தால், அது பெரிதாகும் முன்பே மருத்துவரிடம் காட்டினால் சின்ன வேலையாக முடிந்துவிடும். தாயின் மடி மூன்றாம் ஈத்தில் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்து, மோசம் என்றால் எவ்வளவு பால் கறந்தாலும் அதன் மகளை வளர்ப்புக்கு வைக்காதீர்கள். இது கேட்கக் கசப்பாக இருக்கும். வைத்து வளர்த்துவிட்டுப் பின்னால் என்னைக் கூப்பிட்டு, “காம்பைப் பார்த்துச் சொல்லுங்க அண்ணா” என்றால் நான் என்ன சொல்ல?

கால்நடைத் துறைக்கும் ஆவின் நிர்வாகத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். தலை ஈத்து மாடுகளின் மடியைக் குறிக்க அதிகாரிகள் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. சொசைட்டிக்கு ஒரு படத்தாள் கொடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்பது வரை மடிப் படமும் காம்புப் படமும் போட்டு. அந்த மாட்டைக் கறக்கிற ஆள் பால் ஊற்ற வரும்போது எண்ணைச் சொல்வார், செயலாளர் காது வில்லை எண்ணுக்கு நேராக எழுதிக்கொள்ளட்டும். மூன்று நாள் கறந்தால் போதும், எந்தக் கறவைக்காரனும் சரியாகச் சொல்லிவிடுவான். எங்கள் ஊர்த் தாள்களை நிரப்பித் தரும் வேலையை நான் சம்பளம் இல்லாமல் செய்கிறேன். பதிலுக்கு, அடுத்த முறை சினை ஊசி போட வருகிறவர் கையில் அந்தக் காளையின் மகள்களைப் பற்றி ஒரு தாள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பால் கறவைத் தொழிலாளி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.